பூப்பந்தில் முடிந்த ஒற்றன் படம்

அந்தப் படம் எந்த ஆண்டு வெளிவந்தது என்பதில் எங்கள் குடும்பத்தில் நான்கு கருத்துகள் உண்டு. அதை எங்கள் வீட்டில் எந்த ஆண்டு பார்த்தோம் என்பதில் ஐந்து. பார்த்தவர்களே ஆறேழு பேர்தான்.

ஆண்டு போடாமல் எதையும் எழுதுவது எனக்குக் கை கூசும் வேலை. பள்ளித் தேர்ச்சி அறிக்கைகள், கோயில் திருவிழா அழைப்பிதழ்கள், பழைய புகைப்படங்களின் பின்பக்கம் என்று எல்லாவற்றையும் எடுத்து ஒத்துப் பார்த்துவிட்டேன். நான் பள்ளியில் நான்காம் ஆண்டு படித்தபோது என்பது என் கணக்கு. இல்லை, தம்பிக்கு அம்மை போட்ட வருடம் என்பார் அம்மா. தம்பிக்கு அம்மை போட்டது இரண்டு தடவை என்றும் அவரே சொல்வார். எந்தத் தடவை என்று கேட்டால், "அதுதான், அந்தப் படம் பார்த்தமே, அந்த வருஷம்" என்று பதில் வரும். இவர்களை வைத்துக்கொண்டு எந்த வரலாற்றையும் எழுத முடியாது. எண்பதுகளின் கடைசி என்று மட்டும் போட்டுவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு மேலே போகிறேன்.

இப்போது இதை எழுதக் காரணம் தம்பி. போன மாதம் அந்தப் படத்தை இணையத்தில் எங்கிருந்தோ தேடிப் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். முழுப் படம், முடிவோடு. அன்று பொழுது சாய்வதற்குள் குழு ரணகளமாகிவிட்டது. பிறந்தநாள், தீபாவளி எதற்கும் வாய் திறக்காத பெரியப்பா வரிசையாகக் குரல் செய்திகள் அனுப்பினார். எண்பதைத் தாண்டியவர். ஒவ்வொன்றிலும் முதலில் நெடுநேரம் மூச்சு வாங்குவார், பிறகு "நான் அன்னைக்கே சொன்னேன்" என்பார். அன்றைக்கு அவர் என்ன சொன்னார் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதை யாராவது எழுதி வைத்துவிடுவது நல்லது.

படத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அதற்கும் தனியாக ஒரு சண்டை இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படம். ஓர் அரசு அதிகாரி, அவர் வீட்டில் ஓர் இரும்புப் பெட்டி, பெட்டிக்குள் நாட்டின் ஏதோ ஒரு ரகசியம். அந்த ரகசியம் துண்டு துண்டாக எதிரிக்குப் போகிறது. வீட்டுக்குள்ளேதான் ஒற்றன் இருக்கிறான். மனைவியா, மைத்துனனா, மகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க வரும் வாத்தியாரா, இருமிக்கொண்டே காப்பி கொண்டுவரும் வேலைக்காரக் கிழவியா? அதிகாரி யாரையும் நம்பாமல் இளைத்துப் போகிறார். கண்ணாடியில் தன் முகத்தையே ஒரு தடவை சந்தேகத்தோடு பார்க்கிறார். கடைசியில் ஒரு தந்திரம் செய்கிறார். ஒவ்வொருவரிடமும் வேறு வேறு பொய்யைச் சொல்லி வைக்கிறார். எந்தப் பொய் எதிரியிடம் போய்ச் சேருகிறதோ, அந்தப் பொய்யைக் கேட்டவர்தான் ஒற்றன். ஒரு பொய் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதிகாரி துப்பாக்கியோடு மாடிப்படி ஏறுகிறார். ஒரு கதவின் முன் நிற்கிறார். கைப்பிடியைத் திருப்புகிறார்.

அங்கே பூப்பந்து ஆட்டம் தொடங்கிவிடும்.

வீடியோ கேசட்டுகளின் காலம் அது. ஒரு கேசட்டில் மறுபடி பதிவு செய்ய முடியாதபடி அதன் முதுகில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் துண்டை ஒடித்துவிட்டிருப்பார்கள். அந்தக் குழியில் ஒட்டும் தாளை ஒட்டிவிட்டால் மறுபடி பதிவாகும். இதை எங்கள் பக்கத்தில் குழந்தைகள்கூட அறிந்திருந்தார்கள். வாடகைக்கு எடுத்த யாரோ ஒரு மகராசன், ஏதோ ஓர் இறுதியாட்டம் நடந்த நாளில், கைக்கு அகப்பட்ட இந்தக் கேசட்டில் தாளை ஒட்டிப் பதிவு செய்துவிட்டான். ஆகவே மலாக்கா அருகே எங்கள் செங் வட்டாரத்தில் அந்தப் படத்தைப் பார்த்த அத்தனை பேருக்கும், கதவு திறந்தால் உள்ளே இரண்டு பேர் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் அப்போது செங் பக்கத்துத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அப்பா தோட்டத்து லாரி ஓட்டுநர். அம்மாவின் தங்கையான சித்தி எங்களோடு இருந்தார். அவர்களுடைய பெற்றோர் முன்பே போய்விட்டார்கள். சித்தி தொழிற்சாலையில் வேலை செய்தார். விடிகாலையில் பெருஞ்சாலை முனைக்குத் தொழிற்சாலைப் பேருந்து வரும். நீலச் சட்டை போட்ட பெண்கள் கூட்டமாக ஏறுவார்கள். சித்தி எப்போதும் முதலாளாக நின்று ஜன்னலோர இடத்தைப் பிடிப்பார் என்று அந்தப் பெண்கள் கேலி செய்வார்கள்.

சனிக்கிழமைதோறும் சித்தியும் நானும் சாலையோரக் கடைவரிசைக்குப் போய்க் கேசட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று எடுத்து வருவோம். கடைக்காரரை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். முன்பக்கம் மளிகை, பின்பக்கம் கேசட்டுகள், வெளிச்சுவரில் காசு போட்டுப் பேசும் தொலைபேசி. படத்தின் கடைசியை அழித்தது யார் என்று நானாவுக்குத் தெரியும். யார் கேட்டாலும், "அது யாவாரம்மா. யாரு என்ன எடுத்தாங்கன்னு நான் வெளிய சொன்னா நாளைக்கு எவன் வருவான்?" என்று சொல்லி மீன் டின்களை அடுக்கத் தொடங்கிவிடுவார். அந்த மனிதரின் வாயைத் திறந்திருந்தால் எங்கள் வட்டாரத்தின் பாதி மர்மங்கள் தீர்ந்திருக்கும்.

பெரியப்பா பட்டணத்தில் இருந்தார். சனிக்கிழமை மாலைகளில் மோட்டார் சைக்கிளில் வந்து எங்களோடு படம் பார்ப்பார். இளமையில் மலாக்கா நகரத்து சினிமா கொட்டகை ஒன்றில் சீட்டுக் கிழிக்கும் வேலையில் இருந்தவர். சினிமா விஷயத்தில் அவருக்கு மேலே யாரும் இல்லை. பூப்பந்து தொடங்கியதும் நாங்கள் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டபோது அவர் மட்டும் காலை ஆட்டிக்கொண்டு சிரித்தார்.

"எனக்கு முடிவு தெரியும். கொட்டாயில எத்தனை வாட்டி ஓட்டிருக்கோம். சொன்னா ருசி போயிரும் லா."

எவ்வளவு கெஞ்சியும் சொல்லவில்லை. நாங்கள் ஆளுக்கொரு முடிவைச் சொல்லிப் பார்த்தோம். மனைவிதான் என்றார் அப்பா. ஏன் என்றதற்கு, எப்போதும் மனைவிதான் என்றார். மைத்துனன் என்றார் அம்மா, அவன் மீசையை வைத்து. பக்கத்து வீட்டு அக்கா பாட்டு வாத்தியாரைச் சொன்னார். தாளம் போடுகிற சாக்கில் அவர் தந்தி அடிக்கிறாராம். எனக்கு வேலைக்காரக் கிழவிமேல்தான் சந்தேகம். எல்லாவற்றுக்கும் பெரியப்பா ஒரே மாதிரித் தலையாட்டினார். ஆம் என்று எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

சித்தி தன் பங்குக்கு அந்தக் கிழவியைப் போலப் பேசிக் காட்டினார். முதுகைக் கூனிக்கொண்டு, தொண்டைக்குள் கல்லை உருட்டுவது போன்ற குரலில், "காப்பி ஆறிப்போவுதுங்க சாமீ" என்றார். அச்சு அசல். அப்பா சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார். அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் யாருக்குக் காப்பி வேண்டுமானாலும் சித்தி அந்தக் குரலில்தான் கொண்டுவந்து கொடுத்தார். சிரிப்பெல்லாம் அடங்கிய பிறகு, கோப்பைகளை எடுத்துக்கொண்டே அவர் ஒன்று சொன்னது எனக்கு மட்டும் நினைவிருக்கிறது. மற்றவர்களுக்கு நினைவில்லை. கேட்டுப் பார்த்துவிட்டேன்.

"பெட்டி, பொய்யி, துப்பாக்கின்னு எதுக்கு இம்புட்டு கஷ்டம்? ஒனக்கு என்னப்பா வேணும்னு அந்த வீட்டுல ஒருத்தராச்சும் ஒருத்தரக் கேட்டாங்களா?"

பெரியப்பா அதை ஒரு கருத்தாகவே மதிக்கவில்லை. அப்படிக் கேட்டுவிட்டால் படமே இருக்காதே என்றார்.

அப்போது எங்கள் வீட்டிலும் ஒரு ரகசியம் வெளியே போய்க்கொண்டிருந்தது. சித்திக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் ஒன்று கூடி வந்து, நாள் குறிக்கும் நேரத்தில் முறிந்தது. பிறகு இன்னொன்று. இரண்டு இடத்திலும் ஒரே காரணம்தான் சொன்னார்கள்: பெண்ணுக்குத் தொழிற்சாலையில் பேய் பிடித்ததாமே.

அந்தக் காலத்தில் தொழிற்சாலைகளில் அப்படி நடப்பதுண்டு. வேலை நடந்துகொண்டிருக்கும்போது ஒரு பெண் அலறுவாள், அடுத்தவள் விழுவாள், பிறகு வரிசையாக. சித்தியின் தொழிற்சாலையிலும் ஒரு நாள் நடந்தது. சித்தி விழவில்லை. விழுந்தவர்களைத் தாங்கிப் பிடித்தவர் அவர். ஆனால் பிடித்தவர் யார், விழுந்தவர் யார் என்று வெளியே பிரித்துச் சொல்ல மாட்டார்கள் என்பதால், அது சித்தியின் பிரிவில் நடந்தது என்பதையே மூச்சு விடக் கூடாது என்று வீட்டில் முடிவாயிருந்தது. எங்களுக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் மட்டும் தெரியும். அப்படியிருக்க அது மாப்பிள்ளை வீட்டுக்கு எப்படிப் போயிற்று?

இதில் அதிகம் நொந்தவர் அம்மா. தங்கையின் சம்பளத்துக்காகக் கல்யாணம் பண்ணாமல் வைத்திருக்கிறாள் என்று லயத்தில் ஏற்கெனவே பேச்சு இருந்தது. தண்ணீர்க் குழாயடியில் யாராவது, "தங்கச்சி சேதி என்னாச்சு?" என்று கேட்டால், அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியும். ஒவ்வொரு சம்பந்தம் வரும்போதும் மாப்பிள்ளை வீட்டுத் தொலைபேசி எண்ணைச் சுவர் நாள்காட்டியில் சிவப்பு மையில் எழுதி, பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளையார் சுழி போடுவார்.

வந்த மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் சொல்லி வைத்தாற்போல ஒன்று சொன்னார்கள். கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக் கூடாது. அதற்கென்ன, நல்லதுதானே என்று எங்கள் வீட்டிலும் எல்லோரும் சொன்னார்கள்.

இரண்டாவது இடம் முறிவதற்கு முந்தைய சனிக்கிழமை ஒன்று நடந்தது. வழக்கம்போல நானா கடைக்குப் போனோம். "உள்ள போயி நிதானமா தேடு பாப்பா, அவசரமில்ல" என்று சித்தி என்னை அனுப்பிவிட்டு வெளியே நின்றார். இப்படி என்னை நம்பிப் படம் தேர்ந்தெடுக்க விடுகிறவர் உலகத்தில் அவர் ஒருவர்தான் என்று எனக்குப் பெருமை. அன்று சீக்கிரமே ஒரு படம் அகப்பட்டுவிட்டது. வெளியே ஓடிவந்தேன். சித்தி சுவர்ப் பக்கம் திரும்பித் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். கிழவியின் குரல். தொண்டைக்குள் உருளும் அதே கல்.

"நல்ல குடும்பந்தான் சாமி, குத்தம் சொல்லல. ஆனா அந்தப் பொண்ணுக்கு பேக்டரில..."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சித்தி திடுக்கிட்டுத் திரும்பி, தொலைபேசியை மாட்டிவிட்டு, தோழி ஒருத்தியை ஏமாற்றி விளையாடுவதாகச் சொன்னார். எனக்குச் சீவிய ஐஸில் பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தார். கடைக்குள் நானா மீன் டின்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

இதைப் பிறகு நான் யாரிடமாவது சொன்னேனா என்று கேட்கலாம். என்னை யாராவது கேட்டால்தானே! பெரியப்பா விசாரணை நடத்தியபோது, நான் யாரிடம் என்ன உளறினேன் என்றுதான் கேட்டார். அப்பாவை, அம்மாவை, பக்கத்து வீட்டு அக்காவை எல்லாம் கேட்டார். சித்தியைக் கேட்கவில்லை. கல்யாணப் பெண்ணிடம் கல்யாணத்தைப் பற்றி என்ன கேட்பது?

மூன்றாவதாக ஒரு சம்பந்தம் வந்தபோது பெரியப்பா பொறுப்பு முழுவதையும் தன் கையில் எடுத்துக்கொண்டார். படம் அவருக்குள் அப்படியே இறங்கியிருந்தது. இந்த வீட்டில் ஒரு ஸ்பை இருக்கிறான், அவனைப் படத்தில் பிடித்தது போலவே பிடிக்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னாராம். மாப்பிள்ளை வீட்டு எண்ணை நாள்காட்டியில் எழுத விடவில்லை. தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். பிறகு எங்களை ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டார். மாப்பிள்ளை சிரம்பானில் ஆசிரியர் என்று அம்மாவிடம் சொன்னார். அப்பாவுக்கு அவர் மூவாரில் மரத் தொழிற்சாலை வைத்திருப்பவர். பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தம்பினில் துணிக்கடைக்காரர். என்னைக் கோழிக்கூண்டுப் பக்கம் அழைத்துப் போய், "கோலாலம்பூர்ல போலீஸ். யார்கிட்டயும் சொல்லாத" என்றார்.

படத்தில் அந்தத் தந்திரம் பலித்ததற்குக் காரணம், அந்த வீட்டில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை. எங்கள் வீட்டில் ஒரு சமையலறை இருந்தது. அன்று மாலையே அக்கா பயற்றங்காய் நறுக்க வந்தவர் துணிக்கடை என்று வாயை விட்டார். ஆசிரியர்தானே என்றார் அம்மா. போலீஸ் என்று நான் கத்தினேன். அப்பா குளித்துவிட்டு வந்து மரத் தொழிற்சாலையைச் சேர்த்தார். இது பெரியப்பாவின் வேலை என்று ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. இரண்டு இடம் முறிந்த பெண்ணுக்கு ஒரே நேரத்தில் நான்கு மாப்பிள்ளைகள் வந்திருக்கிறார்கள் என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா அவர்களைத் தரம் பிரிக்கத் தொடங்கினார். போலீஸுக்கு ஓய்வூதியம் உண்டு, ஆனால் துணிக்கடை என்றால் தீபாவளிக்குச் சேலை வாங்க வேண்டியதில்லை.

சித்தியும் முதலில் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு நாள்காட்டியைப் பார்த்தார். "இதுல நெசமான ஆளு யாருக்கா?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. "நம்பரு?" என்றார். அதுவும் தெரியவில்லை. அதற்கப்புறம் அவர் சிரிக்கவில்லை. மறுநாள் தொழிற்சாலைப் பேருந்துக்கு, என் நினைவில் முதல் தடவையாக, அவர் ஓடிப்போய்த்தான் ஏறினார்.

பெண் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிட்டது. எந்த வதந்தியும் எந்த ஊருக்கும் போகவில்லை. உண்மையான மாப்பிள்ளை குளுவாங் பக்கம் செம்பனைத் தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி. அவர்கள் வேன் எடுத்துப் புறப்பட்டுவிட்டார்கள் என்று காலையில் பெரியப்பா சொன்னபோதுதான் எங்களுக்கே தெரியும். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். படத்தின் கதவைத் திறக்காமல் அவரால் இருக்க முடியவில்லை. கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, சமையலறையில் வடை சுட்டுக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்துப் பேசினார்.

"நம்பர நாள்காட்டியில எழுதுனப்பெல்லாம் சேதி போச்சு. இந்த வாட்டி ஒனக்குத் தெரியாது, சேதி போகல. அப்ப யாருன்னு நானே சொல்லணுமா? தங்கச்சி சம்பளம் போயிருமேன்னு பயம்."

நாள்காட்டி வீட்டில் எல்லோருக்கும் தெரியும்படித்தானே தொங்கியது? உண்மை தெரியாதவர் அம்மா மட்டுமா, நாங்கள் அத்தனை பேரும்தானே? நான்காம் ஆண்டு படித்த எனக்கே அந்த ஓட்டை தெரிந்தது. வாயைத் திறந்தேன். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வராதே என்று அப்பா அதட்டினார். தன் மனைவியைத் திருடியைப் போல நிறுத்தி வைத்திருக்கும் அண்ணனிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"நான் அப்படிச் செய்வேனா மாமா?" என்று மட்டும் கேட்டார் அம்மா. அடுப்பைவிட்டுத் திரும்பவில்லை. வடை கருகும் வாசம் வந்தது. லயத்தில் சுவர் என்பது பேருக்குத்தான். பக்கத்து வீடுகளில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. உள்ளறையில் புடவை கட்டிக்கொண்டிருந்த சித்தி கதவருகே வந்து நின்று அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேன் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா, தாய்மாமன், இன்னும் சிலர். மாப்பிள்ளை கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பாவம், நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். பெண் வீட்டோடு இருந்தால் போதும், வேலையெல்லாம் வேண்டாம் என்று அவர் அம்மா உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டார். அதற்கென்ன என்றார் பெரியப்பா.

சித்தி காப்பித் தட்டோடு வந்தார். தட்டை மேசைமேல் வைத்தார். கோப்பைகள் நிறைய இருந்தும் ஒரு சொட்டு சிந்தவில்லை. ஓரத்தில் இருந்த ஒரு கோப்பையை நடுவுக்கு நகர்த்தியும் வைத்தார். அதன் பிறகுதான் அவருக்குச் சாமி வந்தது.

தலை சுழன்றது. கொண்டை அவிழ்ந்தது. முதுகு கூனியது. "டேய்" என்றது ஒரு குரல். மாப்பிள்ளையின் கைக்குட்டை கீழே விழுந்தது.

எங்கள் சனங்களுக்கு இந்த இடத்தில் யாரும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. ஓர் ஆள் மேல் எது வந்து இறங்கினாலும், அது சாமியோ பேயோ, முதலில் கைகூப்பி நின்று அது யார், அதற்கு என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும். கேட்டே ஆக வேண்டும். அண்டை அயலார் வாசலில் கூடிவிட்டார்கள். வீட்டில் மூத்தவர் பெரியப்பா. அவர்தான் கேட்க வேண்டும். முன்னால் வந்தார்.

"தாயே... யாரு நீங்க? இந்த வீட்டுல என்ன கொற கண்டீங்க?"

"அந்தப் புள்ளைய எதுக்குடா வதைக்கிற?" கை அம்மாவைக் காட்டியது. "அவ ஒண்ணும் சொல்லல. சொன்னவ நானு. ஒவ்வொரு வாட்டியும் நாந்தான் சொன்னேன்."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு ஓடியது. பெரியப்பா தரையில் விழுந்து கும்பிட்டார்.

"தெரியாம பேசிட்டேன் தாயே. ஒனக்கு என்ன வேணும்? வாய தொறந்து கேளு. செய்யறோம்."

சித்தியின் தோள் ஏறி இறங்கியது. பிறகு குரல் முன்னைவிடத் தணிவாக வந்தது.

"வேலைக்குப் போற புள்ள வேலைக்குப் போகட்டும். அவளா கேக்குற வரைக்கும் மாப்பிள்ளைன்னு எவனும் வாசல்ல வந்து நிக்கப்படாது."

சரி தாயே, சரி தாயே என்றார் பெரியப்பா. மாப்பிள்ளையின் அம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தைச் சித்தியின் காலடியில் வைத்து, மூத்த மகனுக்கு வேலை கிடைக்குமா என்று கேட்டார். "கெடைக்கும்" என்றது குரல். அவர்கள் நிம்மதியாக வேனில் ஏறிப் போனார்கள். காப்பி ஆறிப்போயிருந்தது.

அத்தோடு எங்கள் குடும்பம் வழக்கை முடித்துவிட்டது. ரகசியத்தை வெளியே சொன்னது ஒரு பேய். பேய்க்குத் தொலைபேசி எண் எதற்கு, ஊர் பேர் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. வீட்டு ஆள் வேலையாக இருக்காது என்று தனக்கு அப்போதே தோன்றியதாகப் பெரியப்பா சொன்னார். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, ஆனால் அடுத்த வாரம் கடற்கரையோர உம்பாய்க்குப் போய் இறால் வாங்கிவந்து கொடுத்தார். குழாயடியில் அம்மாவிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. பேய் பிடித்தவள் என்ற பேரைச் சித்தி எடுத்துக்கொண்டார். திங்கள்கிழமை பேருந்தில் ஜன்னலோர இடம் பிடித்தார். நெடுங்காலம் அதே தொழிற்சாலையில் இருந்து மேற்பார்வையாளராகி, பாயா ரும்புட்டில் வீடு வாங்கினார். அவராகக் கேட்கவில்லை, யாரும் வாசலில் வந்து நிற்கவும் இல்லை. அப்பா போன பிறகு அம்மா இருப்பதும் அந்த வீட்டில்தான்.

இனி படத்தின் முடிவு. நான் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தேன். அதிகாரி கதவைத் திறக்கிறார். உள்ளே கோட்டுப் போட்ட ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கிறான். அதுவரை படத்தில் ஒரு காட்சியில்கூட வராதவன். எழுந்து நின்று, "நான்தான்" என்கிறான். வீட்டில் எல்லோரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். வணக்கம்.

குழுவில் கொதித்துவிட்டார்கள். பெரியப்பா சொல்லாமல் காத்த முடிவு இதுதானா என்று தம்பி கேட்டான். பெரியப்பாவுக்கு வேலையே கடைசி ரீலில் வெளிக்கதவைத் திறந்து வைப்பதுதான், ஒரு படத்தின் முடிவையும் அவர் பார்த்ததில்லை என்று அப்பா இருந்தவரை எனக்குச் சொல்லிச் சிரிப்பார். அதை நான் குழுவில் போடவில்லை. பெரியப்பா பெருமூச்சோடு ஒரு குரல் செய்தி அனுப்பினார்.

"எங்கேருந்தோ ஒருத்தன் வந்து நாந்தான் நாந்தான்னா, ஒடனே நம்பிடறதா? பாக்கறவன் என்ன முட்டாளா? நான் அன்னைக்கே சொன்னேன்."

எனக்குக் கைப்பேசியைச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. அப்போது சித்தியிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது: "எனக்கு முடிவு புடிச்சிருக்கு." கொஞ்ச நேரம் கழித்து, அதே வீட்டில் இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாவிடமிருந்து: "எனக்கும்."

இவ்வளவையும் எழுதிவிட்டு, அன்றைக்கு நான் என்ன நினைத்தேன் என்பதை விட்டுவிடக் கூடாது. கூடத்தில் அந்தக் குரல் எழுந்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. நானா கடைத் தொலைபேசியில் கேட்ட அதே குரல். பெரியவர்கள் யாருக்கும் தெரியாத ஒன்று எனக்கு விளங்கியது: கிழவிப் பேய் அந்தத் தொலைபேசிக்குள்தான் குடியிருக்கிறது. சித்தி விளையாட்டாக அதை எடுத்துப் பேசியதால், காது வழியாக உள்ளே இறங்கிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போனபோது நான் சித்தியின் கையை விடவில்லை. உள்ளே போய்ப் படம் தேடு என்றார். மாட்டேன் என்றேன். தொலைபேசியைக் காட்டி, அதற்குள் பேய் இருக்கிறது, இனிமேல் அதைத் தொடவே கூடாது என்று அழுதேன். சித்தி என் முன்னால் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் என் முகத்தைப் பார்த்தார். மீன் டின் சத்தம் நின்றுவிட்டது.

"சரி பாப்பா. இனிமே பேச மாட்டேன்" என்றார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதன் பிறகு அவர் அந்தத் தொலைபேசியைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. பேயும் திரும்ப வரவில்லை. சித்தியைக் காப்பாற்றியது நான்தான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.